வராதவர்களின் பட்டியல்: புதிதாகப் பணியில் சேரும் கிராம சுகாதார செவிலியருக்கு

பணி ஆணையோடு துணை சுகாதார நிலையத்தின் சாவியையும் வாங்கும் நாளில் உங்கள் கைக்கு வருபவை ஒரு சிறிய கட்டடம், ஓர் எடை இயந்திரம், அடுக்கி வைத்த பதிவேடுகள், சுமார் ஐயாயிரம் மனிதர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையங்களுக்கான கணக்கு. பயிற்சிப் பள்ளியில் ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், ரத்த அழுத்தம் அளக்கவும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அந்த ஐயாயிரம் பேரில் யார் உங்களிடம் வரவே இல்லை என்று கண்டுபிடிப்பதை வேலைக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது புரிய மூன்று ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு மூன்று மாதத்தில் புரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வேலை தாய், சேய், குடும்ப நலம் என்ற மூன்று சொற்களில் அடங்கிவிடும். இன்று சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காசநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, படுக்கையில் விழுந்த முதியவர்கள், மனம் உடைந்த இளைஞர்கள் என எல்லாம் சேர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, மாத்திரையும் பரிசோதனையும் வீட்டு வாசலுக்கே போகின்றன. வேலை விரிந்திருக்கிறது, ஆனால் செய்யும் முறை ஒன்றேதான். தேடிப் போவது, குறித்து வைப்பது, மறுபடியும் போவது.

முதல் இரண்டு வாரம்: நடந்து பாருங்கள்

பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஊரைச் சுற்றுங்கள். வண்டியில் போகாதீர்கள், நடந்து போங்கள். ஒரு பெரிய தாளில் தெருக்களை வரைந்து, குடிநீர்த் தொட்டி, அங்கன்வாடி, பள்ளி, ரேஷன் கடை, மழைக்காலத்தில் பாதை அறுபடும் ஓடை, கடைசி பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடுகள், செங்கல் சூளை, கோழிப்பண்ணை இருந்தால் அங்கே குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய பதிவேட்டில் அவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளை நான் அதிகம் கண்டது சூளைகளில்தான்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரின் நடுத்தெருவில் தொடங்கி, நேரம் மிச்சமிருந்தால் காலனிக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் காலனியில் தொடங்குங்கள். அங்கே யாராவது வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், எங்கே நின்றபடி பேசிவிட்டு வந்தீர்கள் என்பதை மாலைக்குள் ஊரே அறிந்துவிடும். அடுத்த பல ஆண்டுகளுக்கு யார் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது அன்றே முடிவாகிவிடுகிறது.

அங்கன்வாடிப் பணியாளரையும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். அந்த ஊரிலேயே வாழ்பவர்கள் அவர்கள். எந்த வீட்டில் மருமகள் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை அதிகாரம் செய்து வேலை வாங்க நினைத்தால், தெரிந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு தனிக் குறிப்பேடு

அரசுப் பதிவேடுகளும் கணினிப் பதிவும் நீங்கள் செய்ததைக் காட்டும். செய்யாமல் விட்டதைக் காட்ட உங்களுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். மேலே மாதத்தை எழுதி, கீழே வராதவர்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். பரிசோதனைக்கு வராத கர்ப்பிணி, புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத குழந்தை, மாத்திரை வாங்காத பிரஷர்க்காரர், சளிப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதவர். பெயருக்கு எதிரே காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். 'அக்கறை இல்லை' என்று எழுதக் கூடாது. அது காரணம் ஆகாது. 'களையெடுப்பு, கூலி போய்விடும்', 'மாமியார் விடவில்லை', 'போன தடவை அதட்டினார்கள்', 'பஸ் இல்லை' இவையெல்லாம் காரணங்கள். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூலி போகும் என்றால் மாலை ஆறு மணிக்கு நீங்கள் போக வேண்டும். அதட்டியதுதான் காரணம் என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதட்டியது நீங்களாக இல்லாவிட்டாலும்.

இந்த நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். வீட்டில் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். ஒருவருடைய நோயைத் தெருவில் நின்று பேசும் செவிலியரிடம் அடுத்த ஆள் வரவே மாட்டார்.

கர்ப்பிணிகள்

பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கண்பட்டுவிடும் என்று மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களைக் குறிக்கும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை எடுத்து, புதிதாகத் திருமணமானவர்களையும், முதல் குழந்தை இரண்டு வயதை நெருங்கும் தாய்மார்களையும் மாதம் ஒரு முறை நேரில் பாருங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று தனியாக, மாமியார் இல்லாத நேரத்தில் கேளுங்கள். இன்னொரு குழந்தை இப்போது வேண்டாம் என்று நினைப்பவர் உங்களிடம் அதைச் சொல்வதும் அந்தத் தனிமையில்தான்.

பதிவு செய்ததும் பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுக் கணினிப் பதிவு எண், கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்த எண் தேவை. தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு அந்த உதவி இருக்கிறது. இந்த எண்ணைப் பயமுறுத்தும் கருவியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 'வரவில்லையென்றால் நம்பர் தர மாட்டேன்' என்று சொன்னால் அடுத்த மாதம் வருவார்கள். ஆனால் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். திருமணமாகாத பெண் கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் அதே பரிசோதனை, அதே மரியாதை. வாயைத் திறக்காமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் முதல் நாளிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; சட்டப்படி செய்ய வேண்டியவை இருக்கின்றன.

நம் பெண்களிடம் மிக அதிகமாகக் காண்பது ரத்தச்சோகை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை, 7க்குக் கீழே போனால் அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை. இரும்புச்சத்து மாத்திரையை எல்லோருக்கும் கொடுக்கிறோம். அதில் பாதி அரிசிப் பானைக்குப் பின்னாலும் தலையணைக்குக் கீழும் கிடக்கிறது. 'மாத்திரை சாப்பிட்டாயா அம்மா?' என்று கேட்டால் எல்லோரும் 'சாப்பிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: 'மலம் கறுப்பாகப் போகிறதா?' சாப்பிடுபவர் உடனே ஆமாம் என்பார், பயந்துபோய் நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்வார். கறுப்பு நிறத்தால் ஆபத்து இல்லை என்று சொல்ல அதுதான் சமயம். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் சத்து நன்றாகச் சேரும். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. கால்சியத்துக்கு வேறு வேளை சொல்லிக்கொடுங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கிறோம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. பத்து மைல் பஸ் ஏறி வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும். இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பரிசோதனைதான் அதிகம் விட்டுப்போகிறது.

ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி, உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 108ஐ அழைத்து அனுப்பிவிட்டு, பின்னாலேயே மருத்துவரிடம் போனில் பேசுங்கள். அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. போய்ச் சேர்ந்தாரா, சேர்த்துக்கொண்டார்களா என்று அன்று இரவு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி தாய்வீடு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து கைநிறைய வளையலோடு அவள் பஸ் ஏறும்போது, ஆறேழு மாதம் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பெண் உங்கள் எல்லையைத் தாண்டிவிடுகிறாள். அங்குள்ள செவிலியருக்கு அவளைத் தெரியாது. ஆபத்து மிகுந்த கடைசி வாரங்களில் அவள் யாருடைய கணக்கிலும் இல்லாமல் போகிறாள். இதைத் தடுக்க ஒரே வழி, பதிவு செய்யும் முதல் நாளே தாய்வீட்டு ஊர், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம், தாயின் போன் எண் மூன்றையும் எழுதிக்கொள்வது. வளைகாப்புத் தேதி முடிவானதும் அந்த ஊர் செவிலியரை அழைத்து, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எப்படி என்பதைச் சொல்லிவிடுங்கள். அதேபோல் உங்கள் ஊருக்குப் பிறந்த வீடு தேடி வரும் மகள்களை நீங்கள் எதிர்பார்த்து இருங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பல முறை கைகொடுத்தது.

பாட்டியிடம் பேசுவது

பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தாலும் குழந்தை வளர்வது பாட்டியின் மடியில். முதல் நாற்பத்திரண்டு நாட்களில் பல முறை அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். தாயைப் பார்க்கும் அளவுக்குப் பாட்டியையும் பாருங்கள்.

சில பகுதிகளில் குழந்தை பிறந்ததும் ஊரில் நல்ல பேர் எடுத்த ஒருவரைக் கொண்டு சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்று பெயர். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கை. வேறு சில வீடுகளில் கழுதைப்பால், உரை மருந்து, குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, சாம்பிராணிப் புகை. தொப்புளில் சாம்பல் வைப்பதும் முழுமையாகப் போய்விடவில்லை. இவை எல்லாம் அன்பால் செய்பவை. 'இது மூடநம்பிக்கை' என்று நீங்கள் சொன்ன நிமிடமே கதவு மூடிக்கொள்ளும். நீங்கள் போன பிறகு எல்லாம் நடக்கும்.

நான் கண்ட வழி, எதற்கு உடனே மறுப்பு, எதை மெல்லப் பேசலாம் என்று பிரித்துக்கொள்வது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குப் போகும். தொப்புளில் எதை வைத்தாலும் கிருமி ஏறும். இவை இரண்டுக்கும் உடனே மறுப்பு. சேனைக்கு நான் சொல்வது இது: 'பாட்டி, அந்த நல்ல மனுஷியே குழந்தையை முதலில் எடுத்துத் தாயின் மார்பில் வைக்கட்டும். சீம்பால்தான் முதல் ருசியாக இருக்கட்டும்.' பல பாட்டிகள் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதைச் சட்டமாகச் சொல்லாமல் பாட்டியின் கையால் செய்ய வைத்தால் அது நிற்கும். எண்ணெய் தேய்த்து உடம்பை நீவுவதைத் தடுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டிய பின் சட்டென்று துடைத்துச் சூடாகப் போர்த்தச் சொல்லுங்கள்.

குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியது, பால் குடிக்கிறதா என்பது. நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்தினால், வேறு எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். உடம்பு சில்லிட்டிருப்பது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிவது, வலிப்பு, இவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரி. எடை இரண்டரை கிலோவுக்குக் கீழே என்றால் தாயின் மார்போடு தோல் படும்படி கட்டி வைக்கும் கங்காரு முறையைக் கூடவே இருந்து கற்றுக்கொடுங்கள். தந்தையும் செய்யலாம். செய்யச் சொன்னால் வெட்கப்படுவார்கள், பிறகு இறக்கிவைக்க மாட்டார்கள்.

தாயின் முகத்தையும் பாருங்கள். காய்ச்சல், துர்நாற்றம் வீசும் போக்கு, துணி நனைந்து நனைந்து மாற்றும் அளவு ரத்தம் ஆகியவை கண்ணில் படுபவை. தூங்காமல், சாப்பிடாமல், குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் நோய்தான். 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டார் சொல்வதைக் கேட்டு வந்துவிடாதீர்கள்.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவலன்ட். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா. பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும். அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும், அதை விரிக்கப் போவதில்லை. அட்டவணையில் எழுதாதவற்றைச் சொல்கிறேன்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டுக்குப் பயப்படுகிற அளவு நாம் குளிருக்குப் பயப்படுவதில்லை. அதுதான் தவறு. பென்டாவலன்ட், மஞ்சள் காமாலை பி, டி.டி. ஊசிகள் உறைந்துவிட்டால் வீண். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும், அதன் பிறகு அடுக்குங்கள். குப்பியின் மேல், மருந்து சூடுபட்டதா என்று காட்டும் வட்டத்தையும் அதனுள் இருக்கும் சதுரத்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். ஒரே நிறமாகவோ அதிகக் கறுப்பாகவோ ஆகிவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். பி.சி.ஜி., தட்டம்மை ரூபெல்லா மருந்துகளைக் கரைத்தவுடன் குப்பியில் நேரத்தை எழுதுங்கள். நான்கு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஐந்து குழந்தைக்கான மருந்து மிச்சமிருக்கிறதே என்ற இரக்கம் இங்கே உயிரைக் குடிக்கும். கரைக்கும் திரவம் அந்தந்த மருந்தோடு வந்ததாகவே இருக்க வேண்டும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அந்த அரை மணி நேரத்தில் நான்கு செய்திகளைச் சொல்லிவிடலாம். என்ன ஊசி போட்டோம், எந்த நோயைத் தடுக்கும். என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது வர வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுவர வேண்டும். இரண்டாவது செய்திதான் உயிர்நாடி. என் முதல் ஆண்டில் பென்டாவலன்ட் போட்ட ஒரு குழந்தைக்கு அன்றிரவு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் சொட்டு இவ்வளவு கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கவில்லை. கூட்டமாக இருந்தது. அந்தத் தாய் விடியும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதன்பின் அவள் மட்டுமல்ல, அந்தத் தெருவில் மூன்று வீட்டார் ஊசிக்கு வரவில்லை. அவர்களைத் திரும்ப வரவழைக்க ஐந்து மாதம் நடந்தேன்.

சர்க்கரையும் பிரஷரும்

முப்பது வயதைத் தாண்டிய எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். பெண்கள் எப்படியாவது அகப்படுவார்கள், ஆண்கள் அகப்பட மாட்டார்கள். காலை ஆறரைக்கு டீக்கடை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கும் இடம் என்று அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

ரத்த அழுத்தம் அளப்பது எளிது என்று நினைக்கிறோம். நடந்து வந்தவரை நிற்க வைத்துப் பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் வருவது பொய்யான எண். ஐந்து நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரட்டும். அரை மணி நேரத்துக்குள் பீடியோ காபியோ குடித்தாரா என்று கேளுங்கள். அளக்கும்போது இருவரும் பேசக் கூடாது. ஒரு முறை அதிகமாக வந்ததை வைத்து நோயாளி என்று முத்திரை குத்தாமல், மறுபடியும் அளந்து மருத்துவரிடம் அனுப்புங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை முடிவு செய்வது மருத்துவர். அதை விடாமல் சாப்பிட வைப்பது நீங்கள்.

அதுதான் கடினமான பகுதி. 'இரண்டு மாதம் சாப்பிட்டேன், அளந்து பார்த்தேன், சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்' என்று பெருமையாகச் சொல்வார்கள். மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது என்பதை விளக்க நான் வரப்பை உதாரணம் சொல்வேன். வரப்பு இருக்கும்வரை தண்ணீர் வயலில் நிற்கும். தண்ணீர் நிற்கிறதே, வரப்பு எதற்கு என்று வெட்டிவிடுவோமா? வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மிச்ச மாத்திரையை எண்ணிப் பாருங்கள். முப்பது கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தால் பத்துதான் இருக்க வேண்டும். இருபது இருந்தால் திட்டாதீர்கள், எந்த வேளை மறந்துபோகிறது என்று கேளுங்கள். அண்டை வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடும் பழக்கத்தையும் கவனியுங்கள்.

சர்க்கரை உள்ளவரின் பாதத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, உணர்வில்லாத இடம். செவிலியர் தன் காலைத் தொட்டதை முதியவர்கள் மறப்பதே இல்லை. அடுத்த மாதம் அவர்களே காலை நீட்டுவார்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனவருக்கு வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இருமல்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய் உறுதியானவரை அதோடு விட்டுவிடாமல் நிற்க முடிகிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, மிகவும் மெலிந்திருக்கிறாரா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பைக் குறைக்கும் திட்டம் இந்த எளிய அளவீடுகளின் மேல்தான் நடக்கிறது. இவற்றை அளக்கும் கை பெரும்பாலும் செவிலியருடையது.

காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாம் என்பதை உலகுக்கு நிரூபித்ததும் சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெருக்கடியான வீடுகளில் ஏழைகளாக வாழ்ந்த நோயாளிகளும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று காட்டியது. நோயாளியை வீட்டைவிட்டுத் துரத்த நினைக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்லுங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறதா என்று பாருங்கள். வங்கிப் புத்தகம் இல்லாததாலேயே அதை இழப்பவர்கள் உண்டு.

படுக்கையில் இருப்பவர்கள்

பக்கவாதத்திலோ புற்றுநோயிலோ விழுந்தவரின் வீட்டுக்குப் போகும்போது அவரைப் பார்த்துக்கொள்பவரையும் நோயாளியாகக் கருதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பு சுருங்காமல் பார்ப்பது, முதுகும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது. பிறகு அந்த மகளிடமோ மருமகளிடமோ, 'நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாழ்க்கை வெறுத்துப் பேசும் யாரையும் லேசாக எடுக்காதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும். பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீட்டாரிடம் சொல்லுங்கள். மருந்து குடித்தவருக்குச் சாணிக் கரைசலும் புளிக் கரைசலும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதை ஊர்க் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசுங்கள். வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

உங்களைப் பார்த்துக்கொள்வது

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் நீங்கள் போட்டு முடித்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம்தான் எல்லை. வெட்கப்பட்டு மறைத்த தோழிகளை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு மூன்று மாதம் தூங்காமல் இருந்தார்கள்.

இரவில் தனியாகப் போக வேண்டியிருந்தால் அந்த வீட்டுப் பெண் ஒருவர் வந்து அழைத்துப் போகட்டும். எங்கே போகிறீர்கள் என்பதைப் பகுதி சுகாதார செவிலியரிடமோ வீட்டிலோ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அறிக்கைகள் பெருகிப் போய், கணினியில் ஏற்றவே பொழுது போதவில்லை என்ற நிலை வரும். அப்போது கலந்தாய்வுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். செய்யாத வீட்டுப் பார்வையைச் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பொய்க்குள் ஒரு குழந்தை காணாமல் போய்விடும்.

மாறுதல் வந்தால்

ஒரு நாள் உங்களுக்கு மாறுதல் ஆணை வரும். பதிவேடுகளை எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது அலுவலக வழக்கம். அதோடு வருபவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் ஊரைச் சுற்றுங்கள். ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிகள், எடை குறைந்த குழந்தைகள், காசநோய் மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், இந்த ஐந்து வகை வீடுகளுக்கும் நேரில் அழைத்துப் போய், 'இனி இந்த அம்மாதான் உங்களுக்கு' என்று சொல்லுங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்களின் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டில் கடைசியாக எழுதிய பெயர்களைப் படித்துக்காட்டி, ஒவ்வொருவரும் ஏன் வரவில்லை, அவர்களை எந்த நேரத்தில் எங்கே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, நோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.